பிலடெல்பியா வேளாண் வளர்ச்சிக் கழகம்

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் மிகப் பழைய உழவு அமைப்புகளுள் ஒன்று பிலடெல்பியா வேளாண் வளர்ச்சிக் கழகம். 1785 பிப்ரவரியில் 23 பேர் சேர்ந்து இதைத் தொடங்கினர். நகர மேயராக இருந்தவரான சாமுவேல் பவல் முதல் தலைவர். முயற்சிக்கு முன்னின்றவர், மேரிலாந்தின் வை தீவில் பெரும்பண்ணை நடத்திய ஜான் பீல் போர்ட்லி. மருத்துவர் பெஞ்சமின் ரஷ், வணிகர் ராபர்ட் மாரிஸ், ஜார்ஜ் கிளைமர் என விடுதலைப் பிரகடனத்தில் கையெழுத்திட்டவர்களும் உறுப்பினர்களாக இருந்தனர். அதே ஆண்டு ஜூலையில் ஜார்ஜ் வாஷிங்டன் மதிப்புறு உறுப்பினரானார்.

தொடங்கியபோது கழகத்துக்குச் சொந்தப் பண்ணை கிடையாது, ஆய்வுக்கூடமும் கிடையாது. கையில் இருந்தவை பரிசு அறிவிப்பும் கடிதமும்தான். ஒரு பண்ணையோடு முடிந்துபோகும் பட்டறிவை நாடறிய எழுதவைத்ததே அதன் பெரும்பணி.

களைத்துப்போன நிலம்

விடுதலைப் போர் முடிந்தபோது கிழக்குக் கடற்கரையின் பழைய வயல்கள் வளம் குன்றியிருந்தன. மேரிலாந்து, வர்ஜீனியா நிலங்களைப் புகையிலை உறிஞ்சியிருந்தது. ஒரே வயலில் மக்காச்சோளத்தையும் கோதுமையையும் மாறிமாறி விதைத்துவிட்டுத் தரிசு போடுவதே பல இடங்களில் வழக்கம். நிலம் மலிவு, கூலி அதிகம் என்பதால் எரு சேர்க்க யாரும் மெனக்கெடவில்லை. பழைய ஏக்கருக்கு எருவிடும் செலவைவிடக் குறைந்த விலையில் புதிய ஏக்கரே கிடைக்கிறது என்று தாமஸ் ஜெபர்சன் 1793இல் வாஷிங்டனுக்கு எழுதினார்.

இங்கிலாந்தில் டர்னிப், பார்லி, குளோவர், கோதுமை என்று பயிரை மாற்றி மாற்றிச் சாகுபடி செய்யும் முறை அப்போது வேரூன்றியிருந்தது. மாட்டுத் தீவனமும் தொழுவுரமும் அந்தச் சுழற்சியில் ஒன்றையொன்று பெருக்கின. அதை அமெரிக்க மண்ணுக்கேற்பப் பொருத்திப் பார்க்கவேண்டும் என்பது போர்ட்லியின் தீராத ஆவல். பயிர்ச் சுழற்சி குறித்து அவர் எழுதிய சிறு நூல் கழகம் பிறப்பதற்கு முந்தைய ஆண்டே வெளிவந்துவிட்டது.

தொழுவத்துக்குத் தங்கப் பதக்கம்

முதல் ஆண்டிலேயே கழகம் பரிசுப் பட்டியல் ஒன்றை வெளியிட்டது. பயிர்ச் சுழற்சிச் சோதனை, நீரரிப்பால் பள்ளம் விழுந்த நிலத்தை மீட்பது, பூச்சியிலிருந்து பயிரைக் காப்பது போன்றவற்றுக்குப் பரிசு உண்டு. மிகுதியான எருவும் மக்கும் கிடைக்கும்படி தொழுவத்தை எப்படி அமைப்பது என்பதும் ஒரு போட்டி. நியூ ஜெர்சியின் பிரின்ஸ்டன் அருகே பண்ணை வைத்திருந்த ஜார்ஜ் மார்கன் 1786இல் அதற்கான தங்கப் பதக்கத்தைப் பெற்றார். நாடு விடுதலை பெற்ற சில ஆண்டுகளுக்குள், சாணமும் வைக்கோலும் வீணாகாமல் சேர்க்கும் வழியை எழுதிய ஒருவர் பொன் பதக்கத்தால் பெருமை பெற்றார். கழகம் எதைப் பெரிதாக மதித்தது என்பதற்கு இதுவே சான்று.

ஹெஸ்ஸியன் ஈ

இதே மார்கனின் பெயர் இன்னொரு போராட்டத்திலும் அடிபடுகிறது. 1770களின் இறுதியில் நியூயார்க்கின் லாங் தீவுப் பகுதியில் கோதுமையை ஒரு சிற்றீ அழிக்கத் தொடங்கியது. பிரிட்டன் கூலிக்கு அமர்த்திய ஹெஸ்ஸே நாட்டுப் படையினரின் வைக்கோலோடு வந்தது என்ற நம்பிக்கையில் 'ஹெஸ்ஸியன் ஈ' என்ற பெயர் நிலைத்தது. இதன் புழு இலையுறைக்கும் தண்டுக்கும் நடுவே ஒளிந்துகொண்டு சாற்றை உறிஞ்சும். தாள் வலுவிழந்து கதிரோடு சாயும்.

மஞ்சள் மீசைக் கோதுமை என்ற வகை இந்த ஈயைத் தாங்கி நிற்பதை உழவர்கள் கண்டறிந்தனர். மார்கன் அதைத் தம் நிலத்தில் விதைத்துப் பார்த்துப் பிறருக்கும் எழுதினார். 1788இல் பூச்சிக்கு அஞ்சி பிரிட்டன் அமெரிக்கக் கோதுமைக்குத் தடை போட்டது. பூச்சி தாளில்தான் வாழ்கிறது, தானியத்தில் அன்று என்பதை மார்கன் வலியுறுத்தினார். அதே ஆண்டு வாஷிங்டனும் அவரோடு இதுபற்றிக் கடிதம் பரிமாறிக்கொண்டார். எதிர்ப்புத்திறன் உள்ள விதையும், இலையுதிர்கால ஈக்கள் ஓய்ந்தபின் காலம் தாழ்த்தி விதைப்பதும் பின்னாளில் நிலைத்த தீர்வுகளாயின.

கடல் தாண்டிய கேள்விகள்

ஆங்கிலேய வேளாண் எழுத்தாளர் ஆர்தர் யங் 1786இல் வாஷிங்டனுக்கு எழுதத் தொடங்கினார். வாஷிங்டன் அவரிடமிருந்து கலப்பைகளையும் விதைகளையும் வரவழைத்தார். அமெரிக்காவில் நிலம் என்ன விலை, மாடு என்ன விலை, கூலி எவ்வளவு, கோதுமை எவ்வளவு விளைகிறது என்று யங் கேட்டவற்றுக்கு, 1791இல் வாஷிங்டன் பென்சில்வேனியா, மேரிலாந்து, வர்ஜீனியா ஆகிய இடங்களில் இருந்தவர்களிடம் விடை திரட்டி அனுப்பினார். இவ்வளவு கூலி கொடுத்தும் லாபம் வருவது எப்படி என்று யங் திருப்பிக் கேட்டார். 1792இல் அதற்கு விளக்கம் எழுதியவர்கள் ஜெபர்சனும் கழகத்தின் முக்கிய உறுப்பினரான ரிச்சர்ட் பீட்டர்சும். வாஷிங்டனின் பண்ணையில் உழைத்தவர்களில் பெரும்பாலோர் கூலியே பெறாத அடிமைகள் என்பதையும் சேர்த்தே அந்தக் கணக்குகளைப் படிக்கவேண்டும். வாஷிங்டன் யங்குக்கு எழுதிய கடிதங்கள் 1801இல் லண்டனில் நூலாயின.

பீட்டர்சும் ஜிப்சமும்

ரிச்சர்ட் பீட்டர்ஸ் கூட்டாட்சி நீதிபதி. ஸ்கூல்கில் ஆற்றங்கரையில் பெல்மாண்ட் என்ற பண்ணை அவருக்கு இருந்தது. நம்மூரில் நிலக்கடலைக்கு இடும் ஜிப்சத்தை அவர் பல ஆண்டுகள் குளோவருக்குத் தூவிப் பார்த்தார். தம் அனுபவம் மட்டும் போதாது என்று ஒரு வினாப்பட்டியலைத் தயாரித்துப் பல உழவர்களுக்கு அனுப்பினார். எத்தனை ஆண்டாக இடுகிறீர்கள்? ஏக்கருக்கு எவ்வளவு? எந்த மண்ணுக்கு ஏற்றது? திரும்ப இட்டால் பலன் உண்டா? நிலத்தை மலடாக்குகிறதா? வந்த விடைகளைத் தம் குறிப்புகளோடு 1797இல் அச்சிட்டார். ஜிப்சத்தில் உள்ள கந்தகமும் சுண்ணாம்புச் சத்தும் குளோவர் போன்ற பயறினப் பயிர்களுக்கு உகந்தவை. குளோவர் தழைத்தால் தீவனம் பெருகும். மண்ணில் தழைச்சத்தும் ஏறும்.

தேக்கமும் மறுமலர்ச்சியும்

1793இல் பிலடெல்பியாவைச் சூறையாடிய மஞ்சள் காய்ச்சலில் பவல் இறந்தார். மறு ஆண்டு, மாவட்டந்தோறும் கிளைச் சங்கம், பள்ளிகளில் உழவுக் கல்வி என்ற திட்டத்தைக் கழகத்தின் குழு சட்டமன்றத்தின் முன் வைத்தது, அது நிறைவேறவில்லை. 1796 டிசம்பரில் வாஷிங்டன் நாடாளுமன்றத்தில் பரிந்துரைத்த தேசிய வேளாண் வாரியமும் அமையவில்லை. கழகம் பல ஆண்டுகள் முடங்கிக் கிடந்தது.

1805இல் பீட்டர்ஸ் தலைமையில் மீண்டும் எழுந்தது. 1828இல் இறக்கும்வரை அவரே தலைவர். உறுப்பினர்களும் வெளியூர் உழவர்களும் எழுதிய கடிதங்களும் கட்டுரைகளும் 1808 முதல் 1826 வரை ஐந்து தொகுதிகளாக வெளிவந்தன. கால்நடை நோய்களைப் படிப்பதன் தேவை குறித்து ரஷ் 1807இல் ஆற்றிய உரை பரவலாகப் பேசப்பட்டது.

கழகத்தின் எல்லையும் தெளிவானது. உறுப்பினர்களில் பலர் நகரத்துச் செல்வர்கள். சோதனையில் நட்டம் வந்தாலும் தாங்கக்கூடியவர்கள். தம் கையால் உழுத சிறு உழவர்களை ஈர்த்தது, மாசசூசெட்ஸில் எல்கானா வாட்சன் 1811இல் தொடங்கிய பெர்க்ஷயர் சங்கம் போன்ற, கால்நடைக் கண்காட்சி நடத்திய அமைப்புகளே. கழகத்தின் முதல் செயலர்களுள் ஒருவரான டிமதி பிக்கரிங்கும் 1818இல் அதே மாநிலத்தின் எசெக்ஸ் வேளாண் சங்கத்துக்குத் தலைவரானார்.

கூட்டாட்சி வேளாண் துறை 1862இல்தான் உருவானது. மாநில வேளாண் கல்லூரிகளுக்கு நிலக்கொடை வழங்கிய மாரில் சட்டமும் அதே ஆண்டில் வந்தது. ரஷ் வலியுறுத்திய கால்நடை நோய்ப் படிப்புக்கு இடமளிக்கும் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் கால்நடை மருத்துவப் பள்ளி 1884இல் திறக்கப்பட்டது. பிலடெல்பியா கழகம் இன்றும் செயல்பட்டு வருகிறது.