மேற்கை எலும்பும் அதற்குள் போன கம்பியும் - ஒரு வரலாறு

விபத்தில் அடிபட்டவரைப் பார்க்க ஆஸ்பத்திரிக்குப் போனால் "உள்ளே ராடு வச்சிருக்காங்க" என்ற பேச்சு கட்டாயம் காதில் விழும். இன்று சாதாரணமாகச் சொல்லப்படும் இந்த ராடு முதலில் வந்தது தொடைக்கு. அதே கம்பி மேற்கைக்கு ஒத்துவர இன்னும் அரை நூற்றாண்டு ஆனது. ஏன் அவ்வளவு தாமதம்? காரணம் கம்பியில் இல்லை, எலும்பில் இருக்கிறது.

கதையைப் புதுக்கோட்டையில் தொடங்கலாம். இங்கு 1886ல் பிறந்த முத்துலட்சுமி ரெட்டி, மகாராஜா கல்லூரியில் படித்துவிட்டு 1907ல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். 1912ல் டாக்டர் ஆனார். அவர் கல்லூரியில் சேர்ந்தபோது எக்ஸ்ரே கண்டுபிடித்து 12 ஆண்டுகள்தான் ஆகியிருந்தன. அந்தக் காலத்தில் மேற்கை முறிந்தால் மட்டை வைத்துக் கட்டுவார்கள், அல்லது மாவுக்கட்டுப் போடுவார்கள். கிராமங்களில் நாட்டு வைத்தியர்கள் மூங்கில் பத்தை வைத்துக் கட்டினார்கள். எலும்பு எப்படியோ கூடிவிடும். கோணலாகக் கூடினால் அது அவரவர் விதி!

1939ல் ஜெர்மனியின் கீல் நகரில் கெர்ஹார்ட் குன்ட்ஷர் என்ற அறுவை மருத்துவர், முறிந்த தொடை எலும்பின் நடுவில் உள்ள மஜ்ஜைக் குழாய்க்குள் நீளமான எஃகு ஆணி ஒன்றை இறக்கினார். 1940ல் பெர்லினில் அவர் இதை விளக்கியபோது பல டாக்டர்கள் நம்பவில்லை. மஜ்ஜை கெட்டுப்போகும் என்று பயந்தார்கள். ஆனால் உலகப் போர் முடிந்து ஊர் திரும்பிய போர்க் கைதிகள் சிலரின் தொடைக்குள் அந்த ஆணி இருந்தது. எலும்பு நன்றாகக் கூடியிருந்தது. அதன் பிறகு உலகமே இந்த முறையைத் திரும்பிப் பார்த்தது.

தொடைக்குச் சரியானது கைக்கும் சரியாகத்தானே வரவேண்டும்? வரவில்லை. இதைப் புரிந்துகொள்ள எலும்பின் உடற்கூறு கொஞ்சம் தெரியவேண்டும்.

மேற்கை எலும்புக்கு ஹியூமரஸ் என்று பெயர். மேல் முனை பந்து போல உருண்டு தோளின் கிண்ணத்தில் பொருந்துகிறது. நடுப்பகுதி உருளை. கீழே வர வர எலும்பு தட்டையாகி, முழங்கையில் இருபுறமும் அகலமாகிறது. உள்ளே இருக்கும் மஜ்ஜைக் குழாயோ புனல் மாதிரி. மேலே அகலம், கீழே குறுகல். முழங்கைக்குச் சற்று மேலேயே குழாய் முடிந்துவிடும். அதனால் கீழ்ப்பக்கம் கம்பிக்குப் பிடிமானம் கிடைப்பது கடினம்.

அடுத்தது நரம்பு. மணிக்கட்டையும் விரல்களையும் நிமிர்த்தும் ரேடியல் நரம்பு, எலும்பின் பின்புறத்தை ஒட்டிச் சுற்றிக்கொண்டு கீழே இறங்குகிறது. அது பாதிக்கப்பட்டால் மணிக்கட்டு தொங்கிப்போகும். எலும்பின் கீழ் மூன்றில் ஒரு பங்கில் ஏற்படும் ஒருவகை முறிவில் இந்த நரம்பு சிக்கிக்கொள்வதை 1963ல் ஹோல்ஸ்டைன், லூயிஸ் என்ற இருவர் எழுதினார்கள். இன்றும் அந்த முறிவுக்கு அவர்கள் பெயர்தான்.

மூன்றாவது, கம்பி நுழையும் வாசல். தோள் வழியாக இறக்கினால் கையைத் தூக்க உதவும் தசைநார்களைக் கிழித்துத்தான் போகவேண்டும்.

இதற்குத் தீர்வாக 1961ல் ஹாக்கெதால் என்பவர், முழங்கைக்கு மேலிருந்து பல மெல்லிய கம்பிகளைக் கட்டாக ஏற்றும் முறையைச் சொன்னார். தோள் தப்பித்தது. ஆனால் எலும்பு சுழன்று திரும்புவதை மெல்லிய கம்பிகளால் முழுதாகத் தடுக்க முடியவில்லை. 1980களில் ஜெர்மனியின் சைடல், மேற்கைக்கென்றே ஒரு பூட்டு ஆணி செய்தார். மேலே திருகு, கீழே குடை போல விரியும் நுனி. ஆனால் அந்த நுனி சரியாகப் பிடிக்கவில்லை, ஆணி தோளில் துருத்துகிறது, கை முன்போல உயரவில்லை என்று 1992ல் எடின்பரோ மருத்துவர்கள் எழுதினார்கள்.

எலும்பு கூடியது, கை உயரவில்லை! தலையில் சுமை ஏற்றுபவருக்கும், சாரம் கட்டுபவருக்கும் இதனால் பிழைப்பே போய்விடும். எக்ஸ்ரேயில் வெற்றி, வாழ்க்கையில் தோல்வி.

அதன் பிறகுதான் கம்பி எலும்புக்கு ஏற்ப மாறியது. ஆணியின் தலை எலும்புக்குள் புதையும்படி வைக்கப்படுகிறது. தசைநாரை நேர்கோட்டில் பிளந்து, முடிவில் தைக்கிறார்கள். கீழே திருகு போடும்போது சிறு கீறல் போட்டு, நரம்பு வழியில் இல்லை என்று பார்த்துக்கொள்கிறார்கள். எல்லா முறிவுக்கும் ராடு தேவையும் இல்லை. 1977ல் சர்மியென்டோ காட்டிய பிரேஸ் உறையிலேயே பலருக்கு எலும்பு கூடிவிடுகிறது. சிலருக்கு பிளேட் நல்லது.

புதுக்கோட்டைக்குச் சொந்தமாக ஒரு அரசு மருத்துவக் கல்லூரி வந்தது 2017ல். முத்துலட்சுமி ரெட்டி சென்னை போய்ப் படித்து 110 ஆண்டுகளுக்குப் பிறகு. முதலாண்டு மருத்துவ மாணவர்கள் கையில் எடுத்துப் படிக்கும் எலும்புகளில் ஹியூமரஸும் ஒன்று. மனப்பாடம் செய்யும் அந்தப் பள்ளமும் மேடும் வெறும் தேர்வுக்கானவை அல்ல. ஒரு நோயாளி நாளை தன் கையைத் தூக்க முடியுமா என்பது அவற்றில்தான் இருக்கிறது.