ஒரு பிடி செம்மண் - மயிலாப்பூரின் மிகப் பழைய நினைவுப் பொருள்

புண்ணியத் தலங்களுக்குப் போகிறவர்கள் வெறுங்கையோடு வீடு திரும்புவதில்லை. மாட்டுப் பொங்கலன்று காஞ்சி வரதர் பார்வேட்டைக்காகப் பழையசீவரம் மலைக்கு எழுந்தருளும்போது, பார்க்க வரும் கூட்டம் பிரசாதத்தோடுதான் ஊர் திரும்பும். அதேபோல் சென்னையில் சாந்தோம் பேராலயத்துக்கோ பரங்கிமலைக்கோ போகும் கத்தோலிக்கர்கள் ஒரு ஜெபமாலை, மாதா உருவம் பொறித்த மெடல், சின்னச் சிலுவை என்று ஏதாவது ஒன்றை வாங்கி, சாமியாரிடம் மந்திரித்து எடுத்து வருவார்கள்.

இந்தச் சின்னச் சாமான்களில் என்ன சரித்திரம் இருக்கப் போகிறது என்று தோன்றலாம். ஆனால் மயிலாப்பூரின் கிறிஸ்தவ வரலாற்றுக்கு ஒரு முக்கியமான சாட்சியே இப்படி ஒரு பொருள்தான். அது பொன்னும் இல்லை, வெள்ளியும் இல்லை. வெறும் மண்!

வெனிஸ் நகரத்துப் பயணி மார்க்கோ போலோ 13ஆம் நூற்றாண்டின் கடைசிப் பத்தாண்டில் தமிழகக் கடற்கரை வழியாகப் போனார். புனித தோமாவின் உடல் மாபார் நாட்டில் ஒரு சிற்றூரில் இருப்பதாக அவருடைய நூல் சொல்கிறது. அது மயிலாப்பூர்தான் என்பது ஆய்வாளர்களின் கருத்து. அங்கே வரும் கிறிஸ்தவர்கள், புனிதர் உயிர் விட்ட இடத்து மண்ணை எடுத்துப் போய், முறைக்காய்ச்சல் கண்டவர்களுக்குக் கொடுப்பார்களாம். காய்ச்சல் உடனே தீருமாம். மண்ணின் நிறம் சிவப்பு என்பதைக்கூட அவர் விடவில்லை.

காய்ச்சல் உண்மையிலேயே தீர்ந்ததா? முறைக்காய்ச்சல் விட்டு விட்டு வருவது. தானாகவும் இறங்கும். அதை வைத்து எதுவும் முடிவு செய்ய முடியாது. நமக்கு முக்கியம் வேறு.

அந்த ஊரில் சரக்கு அதிகம் இல்லை, வியாபாரிகள் வருவது குறைவு, போய்ச் சேர்வதும் கடினம் என்றும் அதே நூல் சொல்கிறது. அப்படியிருந்தும் கிறிஸ்தவர்களும் முஸ்லிம்களும் அங்கே யாத்திரை வந்தார்கள். அப்படியானால் அவர்களை இழுத்தது வியாபாரம் அல்ல, பக்திதான். வாஸ்கோட காமா கோழிக்கோட்டில் இறங்கியது 1498இல். அதற்கு இருநூறு வருடம் முன்பே மயிலாப்பூரில் யாத்திரை நடந்திருக்கிறது. "இங்கே கிறிஸ்தவம் போர்ச்சுக்கீசியரோடு வந்தது" என்று சொல்பவர்களுக்கு அந்தப் பிடி மண்ணே பதில்.

போர்ச்சுக்கீசியர் 1523இல் கல்லறையைத் தோண்டியபோது எலும்புகளும், ஓர் ஈட்டி முனையும், மண் நிறைந்த ஒரு பாத்திரமும் கிடைத்ததாகப் பதிவு செய்திருக்கிறார்கள். 1547இல் பரங்கிமலையில் கிடைத்த கற்சிலுவையில் பாரசீகத்தின் பழைய பஹ்லவி எழுத்துகள் இருக்கின்றன. அதுவும் போர்ச்சுக்கீசியர் வருகைக்குப் பல நூற்றாண்டுகள் முந்தியது.

ஒன்றை மறந்துவிடக் கூடாது. தோமா கி.பி. 52இல் இந்தியா வந்தார், 72இல் கொல்லப்பட்டார் என்பது மரபு. மார்க்கோ போலோவுக்கும் அதற்கும் இடையே ஆயிரத்து இருநூறு ஆண்டுகள். எனவே தோமா இங்கு வந்தார் என்று அந்த மண் நிரூபிக்காது. வந்தார் என்று மக்கள் நம்பினார்கள், அந்த நம்பிக்கையை வீட்டுக்குக் கையில் எடுத்துப் போனார்கள் என்பதைத்தான் காட்டும்.

இப்படி எடுத்துப் போவது உலகமெங்கும் உண்டு. எகிப்தில் அலெக்சாந்திரியா அருகே புனித மேனாஸ் திருத்தலத்துக்குப் போனவர்கள் சின்னக் களிமண் குப்பிகளைக் கொண்டு வந்தார்கள். அவை ஐரோப்பாவில்கூடக் கிடைத்து, இன்று அருங்காட்சியகங்களில் இருக்கின்றன. நம் ஊர் மண்ணோ காய்ச்சலுக்கு மருந்தாகித் தீர்ந்து போனது. அதைப் பற்றிய எழுத்து மட்டும்தான் மிச்சம்.

போர்ச்சுக்கீசியர் காலத்துக்குப் பிறகு ஜெபமாலையும் மெடலும் உத்தரியமும் பரவின. இங்கே ஒரு பெரிய மாற்றம் இருக்கிறது. செம்மண் அந்த இடத்துக்கே சொந்தம். மெடல் அப்படி இல்லை, அதை எங்கே வேண்டுமானாலும் வார்க்கலாம். பாரிஸில் 1832இல் முதலில் அச்சான 'அற்புதப் பதக்கம்' உலகம் முழுக்கப் போனது இப்படித்தான். அதைப் பார்த்தால் எந்த ஊரில் வாங்கியது என்று தெரியாது. வாங்கியவருக்கு மட்டும்தான் அது மயிலாப்பூர், அல்லது வேளாங்கண்ணி.

அதனால்தான் இந்தப் பொருட்களின் கதை சீக்கிரம் தொலைகிறது. பாட்டி போன பிறகு அவர் பெட்டியில் கிடக்கும் ஜெபமாலை எந்தத் திருவிழாவில், எந்த வேண்டுதலுக்காக வாங்கியது என்று சொல்ல ஆள் இருக்காது. சாந்தோமில் 1896இல் எழுந்த கோபுரத்தைப் பற்றி எழுத எத்தனையோ பேர் இருக்கிறார்கள். 53 மணி ஜெபமாலையைப் பற்றி எழுத அந்தந்த வீட்டுக்காரர்கள்தான் இருக்கிறார்கள்.

உங்கள் வீட்டில் அப்படி ஒன்று இருந்தால், பெரியவர்களிடம் கேட்டு, ஊர், வருடம், காரணம் மூன்றையும் ஒரு சீட்டில் எழுதி அதோடு வைத்துவிடுங்கள். மார்க்கோ போலோவின் நூலில் அந்த நாலு வரி இல்லாமல் போயிருந்தால் அந்தச் செம்மண்ணைப் பற்றி இன்று நமக்கு இவ்வளவு தெரிந்திருக்காது.