ஜாயின்ட் ஷாஃப்ட்: கிராஸும் கோணமும்

பட்டறைகளில் ஜாயின்ட் ஷாஃப்ட் எனப்படும் புரொப்பெல்லர் ஷாஃப்ட், கியர்பாக்ஸின் சுழற்சியைப் பின் ஆக்ஸிலுக்குக் கொண்டுசேர்க்கும் எஃகுக் குழாய். கியர்பாக்ஸ் சேஸிஸோடு பிணைந்தது. ஆக்ஸிலோ பட்டையின் (லீஃப் ஸ்பிரிங்) அசைவுக்கு ஏற்ப மேலும் கீழும் போய்வருவது. ஒரே நேர்கோட்டில் நிற்காத இவ்விரண்டுக்கும் இடையே சுழற்சி அறுபடாமல் போக, ஷாஃப்டின் இரு முனைகளிலும் யுனிவர்சல் ஜாயின்ட் இருக்கும். கூட்டல் குறி வடிவக் கிராஸ் ஒன்று இரண்டு கவைகளை இணைக்கிறது. அதன் நான்கு முனைகளிலும் ஊசி பேரிங் வைத்த கப்புகள்.

17ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் ராபர்ட் ஹூக் இந்த இணைப்பை ஆராய்ந்தார். மோட்டார் வண்டிக்கு ஏற்றபடி அமைத்து 1903இல் காப்புரிமை பெற்றவர் அமெரிக்கரான கிளாரன்ஸ் ஸ்பைசர்.

இந்த ஜாயின்டுக்குப் பிறவிக் குறை ஒன்று உண்டு. கோணத்தில் சுழலும்போது, உள்ளே வரும் வேகம் சீராக இருந்தாலும் வெளியே போகும் வேகம் ஒவ்வொரு சுற்றிலும் இருமுறை கூடி இருமுறை குறைகிறது. கோணம் 10 டிகிரி என்றால் இந்த ஏற்றமும் இறக்கமும் தலா சுமார் 1.5 சதவீதம், 20 டிகிரியில் தலா சுமார் 6 சதவீதம். முன் ஜாயின்ட் உண்டாக்கும் துடிப்பைப் பின் ஜாயின்ட் ஈடுசெய்ய வேண்டும். அதற்கு இரு கோணங்களும் சமமாக இருப்பதோடு, ஷாஃப்டின் இரு முனைக் கவைகளும் ஒரே தளத்தில் நிற்க வேண்டும். ஷாஃப்டைக் கழற்றும் முன், அது நீண்டு குறுக இடம் தரும் ஸ்லிப் ஜாயின்டின் இரு பாதிகளிலும் நல்ல மெக்கானிக் பஞ்ச் கருவியால் புள்ளி குத்திக்கொள்வது இதற்காகத்தான். அந்தப் பாதிகளைப் பிணைக்கும் பல்வரிசையான ஸ்பிளைன் ஒரு பல் தள்ளி ஏறினாலும் அந்த ஈடு கெட்டுவிடும். கோணமே இல்லாமல் இருப்பதும் நல்லதல்ல. ஊசிகள் உருளாமல் ஒரே இடத்தில் அழுத்தி, கிராஸில் வரிவரியாகப் பள்ளம் விழும்.

பட்டுக்குப் பெயர்போன ஆரணி, அரிசி ஆலைகளுக்கும் பெயர்போனது. இங்கு மூட்டை ஏற்றும் லாரிகளில் கூடுதல் பட்டை வைத்துக் கட்டினால் இரண்டு கோணங்களும் மாறும். ஆக்ஸில் சாயாமல் இருக்கும்வரை அவை சேர்ந்தே கூடுவதால் சமம் குலையாது. ஆக்ஸிலின் மூக்கு மேலோ கீழோ திரும்பிவிட்டால்தான் ஆபத்து. யூ-போல்ட் தளர்வு, தேய்ந்த புஷ், பட்டைக்கும் ஆக்ஸிலுக்கும் நடுவில் தவறாக வைத்த ஆப்பு ஆகியவை வழக்கமான காரணங்கள். இவற்றைப் பார்க்காமல் கிராஸை மட்டும் மாற்றினால் புதுக் கிராஸும் சீக்கிரமே போய்விடும்.

கோணக் கோளாறு செய்யாறு வழியாகக் காஞ்சிபுரம் போகும் சமதளச் சாலையில் வேகமெடுக்கும்போது அதிர்வாகத் தெரியும். வேகம் இருமடங்கானால் அதிர்வின் விசை நான்கு மடங்காகும். போளூரிலிருந்து ஜமுனாமரத்தூருக்கு ஜவ்வாது மலை ஏறும்போது ஷாஃப்ட் மெதுவாகத்தான் சுழலும், ஆனால் முறுக்குவிசை அதிகம். அங்கே வெளிப்படுவது கிராஸின் தேய்மானம். கியர் மாற்றும்போது கேட்கும் ‘டங்’ ஓசையும், கப்பைச் சுற்றிப் படியும் செந்துருத் தூளும் கிரீஸ் போகாத பேரிங்கின் அடையாளங்கள்.

டிராக்டரின் விசையைக் கருவிக்குக் கொண்டுபோகும் பி.டி.ஓ. ஷாஃப்டிலும் இதே ஜாயின்ட்தான். ரொட்டவேட்டரை ஓடவிட்டபடியே வரப்பில் தூக்கினால் கோணம் கூடி ஷாஃப்ட் கடகடக்கும். தூக்கும் முன் பி.டி.ஓ.வை நிறுத்த வேண்டும். பி.டி.ஓ.வின் வழக்கமான வேகமான நிமிடத்துக்கு 540 சுற்று என்பது நொடிக்கு 9 சுற்று. பிளாஸ்டிக் உறையைக் கழற்றிப்போட்ட ஷாஃப்டில் வேட்டி நுனியோ துண்டோ சிக்கினால், கையை இழுத்துக்கொள்ளக்கூட நேரம் இருக்காது.