ரெண்டு பேருக்கு ஒரு ரூம்: சத்திரத்துல இருந்து லாட்ஜ் வரைக்கும்

இந்த எபிசோட் ஒரு லாட்ஜ் ரிசப்ஷன்ல ஆரம்பிக்குது.

எங்களுக்குக் கல்யாணம் ஆகி நாலாவது மாசம். பெங்களூருல இருந்து கடத்தூர் வந்து, வீட்டுல ரெண்டு நாள் இருந்துட்டு, ஒகேனக்கல் பக்கம் போய் ஒரு ராத்திரி தங்கலாம்னு பிளான். தர்மபுரி மாவட்டத்துக்காரங்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். எண்ணெய் மசாஜ், அருவிக் குளியல், பரிசல், கடைசியா சுடச்சுட மீன் வறுவல்.

போற வழியில ஒரு லாட்ஜ்ல ரூம் கேட்டோம். ரிசப்ஷன்ல இருந்தவர் எங்க ரெண்டு ஆதாரையும் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "மேடம் ஆதார்ல அப்பா பேருதான் இருக்கு. ஊரும் வேற. மேரேஜ் சர்டிபிகேட் இருக்குங்களா?" போன்ல இருந்த கல்யாண போட்டோவைக் காட்டின பிறகுதான் சாவி கைக்கு வந்தது. அந்த லாட்ஜ் எதுங்கிறது முக்கியமில்ல. உங்கள்ல பல பேர் இதே கவுண்டர்ல நின்னிருப்பீங்க.

ஊருக்குத் திரும்பி ஆயாகிட்ட சொன்னேன். அது சிரிச்சுது. "நானும் உங்க தாத்தாவும் எத்தனை ஊருக்குப் போயிருக்கோம். எவன்கிட்டடா ரூம் கேட்டோம்?" ஆடிப்பெருக்குக்கு ஒகேனக்கல், மாசித் திருவிழாவுக்குத் தீர்த்தமலை. மூட்டையில புளிச்சோறு. படுக்கிறது ஆத்து மணல்ல, இல்லேன்னா கோயில் மண்டபத்துல. "ஏன் ஆயா, ஹோட்டல்ல சாப்பிட்டிருக்கலாமே?"ன்னு கேட்டேன். "காசு இருந்தா மட்டும் உள்ள விட்டுடுவானா அந்தக் காலத்துல?"

அந்தக் கேள்விதான் இந்த எபிசோட். ஒரு ஜோடி ஊர் சுத்திப் பாக்கப் போய், ஒரு ரூம் எடுத்து, ஒரே டேபிள்ல உக்காந்து சாப்பிடுறது நமக்குச் சாதாரணம். இது எப்ப சாதாரணமாச்சு? யாருக்கு ஆச்சு?

ஹோட்டலுக்கு முன்னாடி நம்ம ஊர்ல இருந்தது சத்திரம். காசு வாங்காம தங்க இடமும் சோறும் கொடுக்கிற இடம். ராஜாக்கள், ராணிகள், வணிகர்கள் எல்லாரும் கட்டியிருக்காங்க. மதுரை ரயில் நிலையத்துக்கு எதிர்ல இருக்கிற மங்கம்மாள் சத்திரம் இன்னைக்கும் அந்தப் பேரோடதான் இருக்கு.

எனக்குப் பிடிச்சது தஞ்சாவூர் பக்கத்துல ஒரத்தநாட்டுல இருக்கிற முக்தாம்பாள் சத்திரம். 1798-லிருந்து 1832 வரை தஞ்சையை ஆண்ட இரண்டாம் சரபோஜி, 1800-களின் தொடக்கத்துல கட்டினது. முக்தாம்பாள் அவரோட பட்டத்து ராணி இல்ல. முறைப்படி கல்யாணம் பண்ணிக்காத காதலி. அவங்க ஞாபகமா அந்தச் சத்திரம் எழுந்தது. மேரேஜ் சர்டிபிகேட் கேட்ட ரிசப்ஷன்ல நிக்கும்போது இந்தக் கதை எனக்குத் தெரிஞ்சிருந்தா நல்லா இருந்திருக்கும்.

1801-ல சரபோஜி தன் சத்திரங்களைப் பத்தி பிரிட்டிஷ் ரெசிடெண்ட்டுக்கு ஒரு கடிதம் எழுதினார். எல்லாச் சாதிக்காரங்களுக்கும் அங்க உணவு உண்டு, சமைச்ச சோறு வேண்டாம்னு சொல்றவங்களுக்கு அரிசியும் சாமானும் தனியா உண்டுன்னு அதுல சொல்றார். நடுராத்திரி மணி அடிச்சு, இன்னும் சாப்பிடாதவங்க யாராவது இருந்தா வாங்கன்னு கூப்பிடுற வழக்கத்தையும் சொல்றார். ஆனா இதை ஒரேயடியா ரொமான்டிக்கா எடுத்துக்க வேண்டாம். எல்லாருக்கும் சோறு உண்டுங்கிறதும், எல்லாரும் ஒரே பந்தியில உக்காரலாம்கிறதும் ஒண்ணு இல்ல. "சமைச்ச சோறு வேண்டாம்" அப்படிங்கிற அந்த ஒரு வரியிலேயே, யார் சமைச்சதை யார் சாப்பிடுவாங்கங்கிற கணக்கு இருக்கு.

அடுத்து கம்பெனி ஆட்சி வந்தது. அவங்க அதிகாரிகள் தங்க டிராவலர்ஸ் பங்களா கட்டினாங்க. நம்ம ஊர்ப் பக்கம் பெரியவங்க இன்னும் "டி.பி."ன்னு சொல்றது அதைத்தான். அங்க சாவி கிடைக்கிறது பதவியைப் பொறுத்தது. சாதாரண குடும்பம் அந்தப் பக்கம் எட்டிக்கூடப் பாக்க முடியாது.

உண்மையிலேயே ஜனங்களை நகர்த்தினது ரயில். 1856-ல ராயபுரத்துல இருந்து முதல் வண்டி கிளம்பினது. 1862-க்குள்ள சென்னையில இருந்து மேற்குக் கடற்கரையில பேப்பூர் வரைக்கும் தண்டவாளம் போயிடுச்சு. கடத்தூர்க்காரங்க இன்னைக்கு மொரப்பூர்லயும் பொம்மிடியிலயும் ரயில் ஏறுறது அந்தப் பாதையிலதான். முன்னப்பின்ன தெரியாத ஆள் பக்கத்துல உக்கார வேண்டிய நிலை. டிக்கெட்ல சாதி கிடையாது.

ஆனா வண்டியை விட்டு இறங்கி ஸ்டேஷன் சாப்பாட்டுக் கூடத்துக்குள்ள போனா சாதி இருந்தது. பிராமணர்களுக்கு ஒரு பகுதி, மத்தவங்களுக்கு ஒரு பகுதி. ஒரே பெட்டியில வந்தவங்க சாப்பிட மட்டும் பிரிஞ்சு போவாங்க. பெரியாரும் அவர் இயக்கமும் தொடர்ந்து எதிர்த்து, 1941-லதான் அந்தப் பிரிவு எடுக்கப்பட்டது. ரயில் வந்து 85 வருஷம் ஆன பிறகு!

இதே காலத்துல ஊருக்குள்ள ஹோட்டல்கள் பெருகிட்டு இருந்தன. உடுப்பியில இருந்து வந்தவங்க இட்லி, தோசை, காபியை ஒரு பெரிய தொழிலாவே மாத்தினாங்க. அவங்கள்ல முக்கியமானவர் கே. கிருஷ்ண ராவ். 1938-ல ராயப்பேட்டையில ஒரு பழைய மாளிகையில உட்லண்ட்ஸ் ஹோட்டலை ஆரம்பிச்சார். தங்க ரூம், சாப்பாடு ரெண்டும் ஒரே இடத்துல. 1962-ல டிரைவ்-இன் உட்லண்ட்ஸ் வந்தது. கார்ல உக்காந்தபடியே, கதவுல மாட்டின தட்டுல தோசை. கார் வச்சிருந்த ஜோடிகளுக்கு அதுதான் டேட் ஸ்பாட். 2008-ல மூடினாங்க. இப்ப அந்த இடத்துல செம்மொழிப் பூங்கா இருக்கு, அங்கயும் ஜோடிகள்தான்.

சின்ன ஊர் ஹோட்டல்கள்ல இதுக்குப் பதிலா ஃபேமிலி ரூம் வந்தது. மரத்தடுப்பு, ஒரு திரை, உள்ள நாலு சேர். பொண்ணுங்க வெளிய சாப்பிடுறதைக் கொஞ்சம் கொஞ்சமா சகஜமாக்கினது அந்தத் திரைதான். அவங்களை மறைச்சு வச்சதும் அதே திரைதான்.

சட்டம் என்ன சொல்லுச்சு? 1950-ல நடைமுறைக்கு வந்த அரசியலமைப்புச் சட்டத்தோட 15(2) பிரிவைப் பாருங்க. மதம், இனம், சாதி, பாலினம், பிறந்த இடம், இந்தக் காரணங்களுக்காக மட்டும் ஒருத்தரை உணவகத்துக்குள்ளயோ ஹோட்டலுக்குள்ளயோ விடாம தடுக்கக் கூடாது. அடிப்படை உரிமைகள் பட்டியல்ல "ஹோட்டல்"ங்கிற வார்த்தையே இருக்கு! அந்த அளவுக்கு அது ஒரு பிரச்சனையா இருந்திருக்கு.

சட்டம் வந்ததும் போர்டு இறங்கிடல. 1957-ல திருவல்லிக்கேணி முரளி கபே முன்னாடி, பேர்ப்பலகையில இருக்கிற "பிராமணாள்"ங்கிற வார்த்தையை எடுக்கச் சொல்லி திராவிடர் கழகம் மறியல் பண்ணுச்சு. மாசக்கணக்கா தினமும் ஆள் வந்து கைதாகிட்டே இருந்தாங்க. கடைசியில அந்த வார்த்தை போச்சு. கிராமத்து டீக்கடைகள்ல தனி டம்ளர் இதுக்கெல்லாம் பிறகும் ரொம்ப நாள் தாக்குப் பிடிச்சது.

இப்ப திரும்ப எங்க லாட்ஜ் கவுண்டருக்கு வருவோம்.

15(2)-ல இருக்கிற அஞ்சு காரணத்தை மறுபடி எண்ணிப் பாருங்க. "நீங்க ரெண்டு பேரும் யாரு?"ங்கிற கேள்வி அதுல இல்ல. சாதி கேட்டு ரூம் மறுத்தா தப்பு. உறவு கேட்டு மறுத்தா அது ஹோட்டலோட "பாலிசி". 2019-ல கோயம்புத்தூர்ல ஒரு சர்வீஸ் அபார்ட்மெண்டுக்கு அதிகாரிகள் சீல் வச்சாங்க. கல்யாணம் ஆகாத ஒரு ஜோடி அங்க தங்கியிருந்ததும் ஒரு காரணமாச் சொல்லப்பட்டது. அந்த டிசம்பர்ல சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி எம்.எஸ். ரமேஷ், கல்யாணம் ஆகாத ரெண்டு பேர் ஹோட்டல் ரூம்ல தங்குறதைத் தடுக்கிற சட்டம் எதுவும் இல்லைன்னு தெளிவா சொல்லி, சீலை எடுக்கச் சொன்னார். ஐடி கேக்கிறது சரி. கல்யாணப் பத்திரம் கேக்கச் சொல்லி எந்தச் சட்டமும் சொல்லல. ஆனா தங்கத் தடையில்லைங்கிறது வேற, ரூம் கொடுத்தே ஆகணும்கிறது வேற. 2025 ஜனவரியில ஓயோ, மீரட்ல கல்யாணம் ஆகாத ஜோடிகளுக்கு ரூம் மறுக்கலாம்னு தன்னோட பார்ட்னர் ஹோட்டல்களுக்குச் சொன்னது இந்த இடைவெளியிலதான்.

இது வெறும் பெருநகர ஜோடிகளோட பிரச்சனைனு நினைக்காதீங்க. எங்க மாவட்டத்துல, 2012 நவம்பர்ல, சாதி மாறி நடந்த ஒரு கல்யாணத்தைக் காரணமா வச்சு நாய்க்கன்கொட்டாய் பக்கத்துல மூணு தலித் குடியிருப்புகள்ல 200-க்கும் மேற்பட்ட வீடுகளை எரிச்சாங்க. அப்படிப்பட்ட ஊர்ல ஒரு பையனும் பொண்ணும் ஓடிவந்து ரூம் கேட்டா, ரிசப்ஷன்ல இருந்து வீட்டுக்குப் போற ஒரு போன் கால் உயிர் சம்பந்தப்பட்ட விஷயம். ஆதார்ல அப்பா பேரையும் ஊரையும் உத்துப் பாக்கிறப்ப தேடுறது கல்யாணத்தை மட்டும்தானா? பழைய போர்டு சாதியை நேரடியா எழுதி வச்சது. இந்தக் கேள்வி அதைச் சுத்தி வளைச்சும் கேக்க முடியும்.

எனக்கும் என் மனைவிக்கும் அன்னைக்கு ஆனது பத்து நிமிஷ எரிச்சல், அவ்வளவுதான். கையில கல்யாண போட்டோ இருந்தது. அது இல்லாதவங்களைப் பத்தி யோசிச்சுத்தான் இந்த எபிசோடைப் பண்ணேன்.

இதை ரெக்கார்ட் பண்றதுக்கு முன்னாடி ஆயாகிட்ட, அடுத்த ஆடிக்கு நீயும் எங்ககூட வா, ரூம் போட்டுத் தங்கலாம்னு சொன்னேன். கொஞ்ச நேரம் யோசிச்சுட்டு, "சரி வரேன். ஆனா புளிச்சோறு கட்டிட்டுத்தான் வருவேன்"னுச்சு.

உங்க வீட்டுப் பெரியவங்ககிட்டயும் ஒண்ணு கேட்டுப் பாருங்க: முதல்முதலா எந்த ஹோட்டல்ல, யாரோட, எங்க உக்காந்து சாப்பிட்டாங்க? பதிலை வாய்ஸ் நோட்டா எங்களுக்கு அனுப்புங்க. அடுத்த எபிசோட்ல பாப்போம்.