பொன்னுருவி கேட்ட பிறப்பு

பழையசீவரம், வாலாஜாபாத், உத்திரமேரூர் வட்டாரத்தில் சாவு விழுந்த வீட்டில் கருமாதிக்கு முந்தைய இரவு கூத்து வைக்கும் வழக்கம் உண்டு. ஊரானாலும் சேரியானாலும் பெரும்பாலும் ஒரே கதைதான்: கர்ண மோட்சம். ஆடினால் செத்தவருக்கு மோட்சம் என்பது நம்பிக்கை. துக்க வீட்டு வாசலில் விடிய விடிய நடக்கும் அந்தக் கூத்தில் மறக்க முடியாதது யுத்தமல்ல, புருஷன் பொண்டாட்டி வழக்கு.

பதினேழாம் நாள் போருக்குக் கிளம்பும் கர்ணன், மனைவி பொன்னுருவியிடம் விடைபெற வருகிறான். அவள் முகம் கொடுக்கவில்லை. தேரோட்டி வளர்த்த பிள்ளை, உன் பிறப்பு என்ன என்று ஏசுகிறாள். அவன் அங்க தேசத்து ராஜா, கொடை வள்ளல். எதுவும் எடுபடவில்லை. தான் குந்தியின் மகன் என்று அவன் சொன்ன பிறகுதான் இளகுகிறாள். போகாதே என்று அழுகிறாள். அதற்குள் போருக்கு நேரமாகிவிட்டது.

தோழர்களே, கர்ணனை நம்மவனாக நினைத்து நெகிழ்வது எளிது. ஆனால் கதை சாதியை எதிர்க்கவில்லை. அவன் உண்மையில் சத்திரியன் என்று காட்டித்தான் குடும்பத்தைச் சமாதானப்படுத்துகிறது. அவன் தேரோட்டியின் மகனாகவே இருந்திருந்தால்? கடைசியில் பிராமண வேடத்தில் வரும் கிருஷ்ணன், சாகக் கிடப்பவனின் புண்ணியத்தையும் தானமாக வாங்கிக்கொண்டு போகிறான்.

இந்த நாடகம் புகழேந்திப் புலவர் பெயரில் வழங்குகிறது. அல்லி அரசாணி மாலையும் பவளக்கொடி மாலையும் அவர் பெயரில்தான். நளவெண்பா பாடிய புகழேந்தி, செங்கல்பட்டுப் பக்கத்துப் பொன்விளைந்த களத்தூர்க்காரர் என்பார்கள். ஆனால் நளவெண்பாவின் தமிழுக்கும் இந்தப் பெரிய எழுத்துப் புத்தகங்களின் தமிழுக்கும் பல நூற்றாண்டு தூரம். கட்டியவர்கள், பாடியவர்கள் பெயர் அட்டையில் இல்லை. கர்ணனைப் போலவே கதைக்கும் ஒரு மதிப்பான தகப்பன் பெயர் தேவைப்பட்டிருக்கிறது!

அந்தப் பவளக்கொடியை எடுத்து 'பவளக்கொடி அல்லது குடும்ப வழக்கு' என்று நாடகமாக்கியவர் கே.ஏ. குணசேகரன். சிவகங்கை மாவட்டம் மாரந்தைக்காரர். 'வடு' எழுதியவர். தமிழின் முதல் தலித் நாடகம் என்று பேசப்படும் 'பலி ஆடுக'ளில், தலித் குடும்பத்துக்குள்ளேயே பெண்ணைப் பலியாக்கும் ஆணையும் அவர் விட்டுவைக்கவில்லை. நம் வீட்டைப் பற்றி நாமே எழுத அந்தத் துணிச்சல் வேண்டும். ரோஹித் வெமுலா ஐதராபாத்தில் இறந்த அதே 2016 ஜனவரி 17 அன்று குணசேகரனும் மறைந்தார்.

அடுத்த இரண்டு மாதத்துக்குள், மார்ச் 13 அன்று, உடுமலைப்பேட்டையில் பட்டப்பகலில் சங்கர் வெட்டிக் கொல்லப்பட்டார். சாதி தாண்டிக் காதலித்து மணந்ததுதான் காரணம். பொன்னுருவி வாயால் கேட்டதை அங்கே அரிவாளால் கேட்டார்கள். சங்கரிடம் சொல்வதற்கு எந்தக் குந்தியும் இல்லை. இருந்திருக்கவும் வேண்டியதில்லை.

அடுத்த முறை கருமாதிக் கூத்துக்குப் போகிற மாணவத் தோழர்கள் பொன்னுருவி வரும் நேரத்தில் தூங்கிவிடாதீர்கள். அவள் ஏசும்போது கூட்டத்தில் யார் சிரிக்கிறார்கள், யார் தலை குனிகிறார்கள் என்று பாருங்கள்.