பூஜ்யம் டிகிரியும் குளிர்கால உதவித்தொகையும்

ஏழைக் குடும்பத்தின் விறகுக் கணக்கை வானிலை ஆய்வாளரின் குறிப்பேட்டோடு சட்டபூர்வமாக முடிச்சுப்போட்ட தேசங்களில் பிரிட்டன் விசேஷமாகக் கவனிக்கத்தக்கது. 1988-ஆம் ஆண்டு விதிகளின் வழிவந்து இன்று இங்கிலாந்திலும் வேல்ஸிலும் நடைமுறையிலிருக்கும் ஏற்பாட்டின்படி, நவம்பர் 1 முதல் மார்ச் 31 வரையிலான காலத்தில், ஒரு வீட்டின் தபால் குறியீட்டோடு இணைக்கப்பட்ட வானிலை நிலையத்தில் தொடர்ந்து ஏழு நாட்களின் சராசரி உஷ்ணநிலை பூஜ்யம் டிகிரி செல்சியஸோ அதற்குக் கீழோ பதிவானால், அல்லது அவ்வாறு இருக்குமென முன்னறிவிக்கப்பட்டால், வருமான அடிப்படையில் அரசு உதவி பெறுவோருள் தகுதியுடையவர்களுக்கு 25 பவுண்டு தானாகவே கணக்கில் சேர்ந்துவிடும். முன்னறிவிப்பையே ஆதாரமாக ஒப்புக்கொள்ளும் அந்தப் பிரிவு, பணம் வரும் என்ற தைரியத்தில் குளிர் வருமுன்னரே வீட்டைச் சூடாக்கிக்கொள்ள இடம் தருவதால், விதியின் மிக விவேகமான அம்சம் என்பது என் அபிப்பிராயம். குறை வேறிடத்தில் இருக்கிறது.

இரண்டு ஊர்களை எண்ணிப் பார்ப்போம். ஒன்றில் ஏழு நாள் சராசரி சரியாகப் பூஜ்யம், மற்றொன்றில் 0.1 டிகிரி. பிரிட்டனில் கட்டடங்களின் வெப்பத் தேவையைக் கணிக்க வழக்கமாகக் கொள்ளப்படும் அடிப்படையான 15.5 டிகிரிக்கு வெளிக்காற்று ஒவ்வொரு நாளும் எவ்வளவு குறைகிறதென்று கூட்டிக்கொண்டே போனால், முதல் ஊருக்கு 108.5 டிகிரி-நாட்களும் இரண்டாவதற்கு 107.8-உம் வரும். குளிரில் வேற்றுமை முக்கால் டிகிரி-நாள்கூட இல்லை. பணத்திலோ முழுதாக 25 பவுண்டு. வாரம் முழுவதும் 3 டிகிரியில் ஈரமாகக் கிடக்கும் ஊருக்கு, முதல் ஊரின் தேவையில் ஐந்தில் நான்கு பங்கு இருந்தும், ஒரு காசு கிடையாது. ஆறு நாள் மைனஸ் 1 டிகிரியில் உறைந்து ஏழாம் நாள் தென்மேற்குக் காற்று வீசி 7 டிகிரிக்கு ஏறிவிட்டாலும் கதை அதுவேதான்; அந்த ஒரு நாளின் இதம் மற்ற ஆறு நாட்களின் நடுக்கத்தையும் கணக்கிலிருந்து துடைத்துவிடுகிறது.

தினசரிச் சராசரியின் லட்சணத்தையும் சற்று நோக்க வேண்டும். அன்றைய உச்ச உஷ்ணநிலையையும் நீச உஷ்ணநிலையையும் கூட்டி இரண்டால் வகுத்ததே அது. ஆதலால், நடுப்பகலில் ஒரு நாழிகை எட்டிப்பார்த்துவிட்டுப் போகும் வெயிலும் பதினைந்து மணி நேரம் நீளும் இரவும் தராசில் சமமாக நிற்கின்றன. அளக்கும் கருவியோ, புல்தரையில் ஆளின் மார்பளவு உயரத்தில் கால்களின்மேல் நிற்கும், பக்கங்களெல்லாம் சாய்சட்டமிட்ட வெள்ளை மரப்பெட்டிக்குள் பரம்பரையாகத் தொங்கிவந்த உஷ்ணமானி. இதை வகுத்த தாமஸ் ஸ்டீவன்சன் கலங்கரை விளக்கங்கள் கட்டிய பொறியாளர். 'புதையல் தீவு' எழுதியவரின் தந்தை. வெயிலும் நேர்க்காற்றும் உஷ்ணமானியைத் தாக்காதபடி காப்பதே அப்பெட்டியின் தர்மம். ஆனால் ஸ்காட்லாந்தின் மேற்குத் தீவுகளில் வீட்டின் வெப்பத்தை உறிஞ்சிக்கொண்டு போவது கடற்காற்றேயன்றி உறைபனியன்று. கதவிடுக்கில் பழந்துணியைச் சுருட்டித் திணித்துவைத்து, முன்பண மீட்டரில் மீதமிருக்கும் தொகையைப் பார்த்துப் பார்த்து ஹீட்டரை அணைக்கும் மூதாட்டிக்கு, பெட்டிக்குள் தெரியும் எண் சரியானதாயினும் அந்நியமானதே.

இந்த முறையிலிருந்து ஸ்காட்லாந்து 2022-23 குளிர்காலத்தில் விலகி, வானிலையைப் பாராமல் ஆண்டுக்கொருமுறை ஒரே தொகை வழங்கத் தொடங்கியது. முதல் ஆண்டில் அது 50 பவுண்டு. மிதமான குளிர்காலத்தில் ஒன்றுமே கிட்டாமற்போகும் அநிச்சயம் இதனால் நீங்கியது. ஆயினும், 1895-லும் 1982-லும் மைனஸ் 27.2 டிகிரியைக் கண்ட பிரேமார் கிராமத்துக்கும் கடலோர எடின்பரோவுக்கும் ஒரே தொகை என்றாகிவிட்டது. உஷ்ணமானியிடம் தவறான கேள்வியைக் கேட்டுவிட்டு, பதில் பிசகியதற்காக அதையே வெளியேற்றியதற்கு ஒப்பானது இது. சட்டம் அதனிடம் கேட்டது 'ஆம்', 'இல்லை' என்ற விடையை; அது சொல்லத் தெரிந்ததோ 'எவ்வளவு' என்பது.

அந்த 'எவ்வளவு' என்பதைக் கூட்டிக் காணும் கணிதம் புதியதன்று. பயிர் வளர்ச்சியின் பொருட்டு, ஒரு வரம்புக்கு மேற்பட்ட வெப்பத்தை நாள்தோறும் திரட்டிக் கணக்கிடும் முறையை 1878-இல் ரிச்சர்டு ஸ்ட்ரேச்சி எடுத்துரைத்தார். தாது வருஷப் பஞ்சம் சென்னை ராஜதானியைச் சூறையாடிய பிறகு நியமிக்கப்பட்ட இந்தியப் பஞ்சக் கமிஷனுக்குத் தலைமை தாங்கியவரும் இவரே. 

உதவித்தொகையையும் இவ்வாறே டிகிரி-நாள் கணக்கில் வழங்கலாமே என்றால், கஜானா எழுப்பக்கூடிய ஆட்சேபம் அற்பமானதன்று. இன்றைய 25 பவுண்டை 108.5-ஆல் வகுத்தால் டிகிரி-நாள் ஒன்றுக்கு 23 பென்ஸ் ஆகிறது. ஐந்து மாதச் சராசரி 5 டிகிரியாயுள்ள ஊரில் 151 நாட்களுக்கு அந்த வீதம் 365 பவுண்டுவரை ஏறிவிடும். ஆகவே வீதம் இறங்கியே தீர வேண்டும். அதை நிர்ணயிப்பது பாராளுமன்றத்தின் பொறுப்பு. உதாரணமாக 5 பென்ஸ் என்று கொண்டால், அதே ஊருக்குப் பருவம் முழுவதற்கும் சுமார் 79 பவுண்டும், சராசரி 2 டிகிரியாயுள்ள ஊருக்குச் சுமார் 102 பவுண்டும் சேரும். கடுங்குளிர் வாரத்தில் கைக்கு வரும் தொகை சிறுத்துப்போவது உண்மையே. அதை ஈடுசெய்ய, முன்னறிவிப்பைக் கொண்டே அவ்வாரப் பங்கை உறுதிசெய்யும் இப்போதைய பிரிவை அப்படியே காப்பாற்றிக்கொள்வது அவசியம். பூஜ்யத்தில் நின்ற ஊருக்கும் 0.1-இல் நின்ற ஊருக்கும் இடையே அப்பொழுது எஞ்சும் வித்தியாசம் மூன்றரைப் பென்ஸ்.