தூரம் கூடினால் குறி எவ்வளவு தப்பும்? பெஞ்சமின் ராபின்ஸ் போட்ட கணக்கு

ஏர் ரைஃபிள் பழகுறவங்க போடுற ஒரு கணக்கிலிருந்து இன்றைக்குத் தொடங்கலாம். 10 மீட்டரில் ஐந்து பெல்லட் சுடுறோம். ஐந்தும் 1 செ.மீ. வட்டத்துக்குள்ள விழுது. 50 மீட்டர்ல? தூரம் ஐந்து மடங்கு, அதனால சிதறலும் ஐந்து மடங்கு, 5 செ.மீ.ன்னு சொல்லிடுவோம். காகிதத்தில் இது சரி. காற்று இதை ஒத்துக்காது.

இதைச் சுட்டுப் பார்த்தே நிரூபித்தவர் பெஞ்சமின் ராபின்ஸ். இங்கிலாந்தின் பாத் நகரில் 1707இல் பிறந்த கணித அறிஞர். தொங்கும் ஊசல் மேல குண்டைச் சுட்டு, ஊசல் எவ்வளவு ஆடுதுன்னு பார்த்து, குண்டின் வேகத்தைக் கணக்கிட்டார். அதை விவரிக்கும் புத்தகம் 1742இல் வந்தது. 1745இல் ஆய்லரே அதை ஜெர்மனில் மொழிபெயர்த்தார்.

அடுத்து சிதறலுக்கு வந்தார். முக்கால் அங்குலக் குண்டு போடும் குழலைக் கனமான வண்டியில் அசையாம பொருத்தினார். 180 கெஜத்தில் ஒன்றரை அடிச் சதுரப் பலகை. சுட்ட 16 குண்டுகளில் ஒன்று மட்டும்தான் தவறியது. பிறகு அதே குழல், அதே வண்டி, தூரம் 760 கெஜம். நம்ம கணக்குப்படி ஆறேழு அடி அகலத்துக்குள்ள எல்லாம் விழணும். ஆனா சில குண்டுகள் 100 கெஜம் வலப்பக்கம் போச்சு, சில அதே அளவு இடப்பக்கம். அடி எங்கே, கெஜம் எங்கே!

குறி பார்த்ததில் தப்பு இல்லைன்னா, குண்டு வழியிலேயே வளையுதுன்னுதானே அர்த்தம்? குழலுக்குள்ள உரசும் உருண்டைக் குண்டு ஏதோ ஒரு பக்கமா சுழன்றபடி வெளியே வரும். அந்தச் சுழற்சியால காற்று அதை ஒரு பக்கமா தள்ளும் என்றார் ராபின்ஸ். கிரிக்கெட்டில் சுழற்பந்து காற்றிலேயே விலகுதே, அதே சங்கதிதான். சோதிக்க, ஒரு குழலின் முனையை இடப்பக்கம் வளைத்தார். குண்டு வலது சுவரில் உரசி உருளும். அதனால இடப்பக்கம் கிளம்பினாலும் போகப்போக வலப்பக்கம் திரும்பணும். வழியில மெல்லிய காகிதத் திரைகளைக் கட்டிச் சுட்டார். திரைகளில் துளை இடப்பக்கம். தூரத்துச் சுவரில் அடி வலப்பக்கம்!

தீர்வையும் அவரே 1747இல் சொன்னார்: குழலுக்குள்ள திருகு மாதிரி வரிப்பள்ளம் வெட்டினா, குண்டு போகும் திசையையே அச்சாக வைத்துச் சுழலும், கண்டபடி வளையாது.

இன்றைய ஏர் ரைஃபிள் குழலில் அந்த வரிப்பள்ளம் இருக்கு. அதனால அவர் கண்ட சிதறல் நமக்கு வராது. ஆனா பெல்லட் எடை குறைவு, சீக்கிரம் வேகம் இழக்கும். தூரம் இரட்டிப்பானா, பக்கக் காற்று தள்ளுவது சுமாரா நாலு மடங்கு ஆகும். பெல்லட்டுக்குப் பெல்லட் மாறும் சின்ன வேக வித்தியாசம், 50 மீட்டரில் மேல்-கீழ் சிதறலாகத் தெரியும். அதனால ஒவ்வொரு தூரத்திலும் தனித்தனியா சுட்டு அளக்கணும், அதுவும் ஐந்தோட நிறுத்தாம.

ராபின்ஸின் முடிவு நம்ம ஊர் மண்ணில்தான். கிழக்கிந்தியக் கம்பெனி தன் கோட்டைகளைச் சீரமைக்க அவரை அனுப்ப, 1750இல் இங்கே வந்து சேர்ந்தார். 1751 ஜூலை 29இல், கடலூரின் புனித டேவிட் கோட்டையில், 44 வயதில் இறந்தார். தேவனாம்பட்டினம் பக்கம் போறவங்க அந்தக் கோட்டையின் மிச்சத்தைப் பார்க்கும்போது, இவரையும் ஒரு நிமிஷம் நினைச்சுக்கோங்க. அடுத்த எபிசோடில் சந்திப்போம்.